சிவப்புப் படமும் பச்சைப் பாறையும்

பூமியை ஆரஞ்சுப் பழம்போல வெட்டிக் காட்டும் பாடப் படங்களில், மேலோட்டுக்குக் கீழே இருக்கும் கவசத்துக்குப் பெரும்பாலும் கொதிக்கும் சிவப்பைத்தான் பூசுகிறார்கள். அதைப் பார்த்துப் பழகியதால், காய்ந்த பாலின்மேல் ஆடை படிந்திருப்பதுபோல நெருப்புக் குழம்பின்மேல் நிலம் மிதக்கிறது என்ற எண்ணம் நம் மனத்தில் ஊறிவிட்டது. புவித்தட்டுகள் நகர்வதற்கும் எரிமலை வெடிப்பதற்கும் இதையே காரணமாகச் சொல்கிறோம். தட்டுகள் நகர்வது உண்மை. கவசம் குழம்பு என்பதுதான் தவறு. சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம்வரை கவசம் திடப்பாறைதான். எரிமலைகள் சில வேளைகளில் மேல் கவசத்திலிருந்து பெயர்த்துக்கொண்டு வரும் துண்டுகள் ஒலிவின் கனிமம் நிறைந்து பச்சையாக இருக்கின்றன. ஆழத்தில் அவை வெப்பத்தால் கனன்றிருக்கும் என்பது வேறு விஷயம்.

யாரும் தோண்டிப் பார்க்காத ஆழத்தை எப்படித் திடம் என்று சொல்வது? இந்தக் கேள்விக்கு நிலநடுக்கமே பதில் தருகிறது. நடுக்கத்தின்போது புறப்படும் அலைகளில் ஒருவகை, போகும் திசைக்குக் குறுக்கே பாறையைக் குலுக்கிக்கொண்டு செல்லும். குறுக்கே தள்ளினால் எதிர்த்து மீளும் வலு திரவத்துக்கு இல்லாததால், இந்த அலை திரவத்துக்குள் பரவாது. ஜப்பானில் எழும் குலுக்கலலை கவசத்தை ஆழமாக ஊடுருவி வந்து இந்திய நிலையங்களில் பதிவாகிறது. கவசம் குழம்பாக இருந்தால் அது வந்து சேரவே சேராது. கவசம் முடிந்து வெளிக்கருவம் தொடங்கும் இடத்தில்தான் அந்த அலை நின்றுபோகிறது. இந்தச் சான்றையும் பிறவற்றையும் வைத்து, கருவத்தில் திரவம் இருப்பதை 1926இல் புவியியற்பியலாளர் ஹரால்டு ஜெஃப்ரீஸ் நிறுவினார். அதற்கும் முன்பே, 1860களில், இயற்பியலாளர் கெல்வின் கடலோதத்தை வைத்து வாதாடினார்: உள்ளே எல்லாம் திரவமானால் நிலவின் இழுப்புக்குத் தரையும் கடலோடு சேர்ந்து எழும்பும், கரையில் நிற்பவருக்கு ஓதமே தெரியாது. பூமியின் வயதைக் கணக்கிட்டதில் கெல்வின் பெரிதும் தவறினார், இதில் தவறவில்லை.

‘அவ்வளவு வெப்பத்தில் பாறை எப்படி உருகாமல் இருக்கும்?’ என்பது அடுத்த கேள்வி. நியாயமானதுதான். விடை நம் சமையலறையிலேயே இருக்கிறது. மூடிய குக்கருக்குள் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருப்பது அழுத்தத்தால். அழுத்தம் ஏறினால் பாறையின் உருகுநிலையும் ஏறும். கவசப்பாறை தரைமட்டத்தில் ஏறத்தாழ 1,100 டிகிரி செல்சியசில் உருகத் தொடங்கும். 100 கிலோமீட்டர் ஆழத்தில் அதற்கு 1,400க்கு மேல் வேண்டும். அங்கே இருக்கும் வெப்பமோ 1,300 சொச்சம்தான். அப்படியானால் எரிமலைக் குழம்பு எங்கிருந்து வருகிறது? எங்கோ தேங்கிக் கிடக்கும் குளத்திலிருந்து அல்ல. அங்கங்கே புதிதாக உருவாகிறது. நடுக்கடல் முகடுகளில் தட்டுகள் விலகும்போது கீழிருக்கும் சூடான பாறை மேலேறுகிறது. அழுத்தம் குறைவதால் அதில் ஒரு பகுதி உருகுகிறது. அந்தமானின் பாரன் தீவில் நடப்பது இன்னொரு விதம். அங்கே அடியில் செருகிப்போகும் இந்தியத் தட்டு கடல்நீரையும் கனிமங்களுக்குள் பூட்டிக் கொண்டுபோகிறது. ஆழத்தில் கசியும் அந்த நீர் மேலிருக்கும் பாறையின் உருகுநிலையைத் தாழ்த்துகிறது. கீழே போவது குளிர்ந்த தட்டு, கலப்பதோ தண்ணீர். ஆனாலும் பிறப்பது நெருப்புக் குழம்பு! சிவப்புப் படத்தை வைத்து இதை விளக்கவே முடியாது.

திடமென்றால் தட்டு எப்படி நகரும் என்பார்கள். பனியாறும் திடம்தான், மலைச்சரிவில் அது வழிந்து இறங்குகிறது. உருகுநிலையை நெருங்கிய படிகங்கள் இடைவிடாத அழுத்தத்தில் மெல்ல உருமாறி ஊரும். கவசம் அப்படி ஊர்கிறது, மிக மெதுவாக. ஸ்காண்டிநேவியாவை அழுத்திக்கொண்டிருந்த பனிப்படலம் கரைந்து ஏறத்தாழ 10,000 ஆண்டுகள் ஆகியும், அங்குள்ள பாத்னியா வளைகுடாக் கரை ஆண்டுக்குச் சுமார் 9 மில்லிமீட்டர் உயர்ந்துகொண்டே இருக்கிறது. குழம்பின்மேல் மிதந்திருந்தால் பாரம் இறங்கிய படகுபோல அது அன்றைக்கே எழும்பி ஓய்ந்திருக்கும்.

மேல் கவசத்தின் ஒரு பகுதியில் கொஞ்சம் உருகல் உண்டே என்று விவரமறிந்தவர்கள் கேட்கலாம். சில இடங்களில் உண்டு. அதுவும் படிகங்களின் இடுக்கில் மிகச் சிறிய அளவில். இட்லியிலும் ஈரம் இருக்கிறது, அதற்காக அதை யாரும் கஞ்சி என்பதில்லை. தவிர, தட்டுகளை நகர்த்த அந்த உருகலை நம்பியிருக்க வேண்டியதும் இல்லை. முதன்மையான விசை தட்டின் விளிம்பிலேயே இருக்கிறது: குளிர்ந்து கனத்த கடலடித் தட்டு அகழிகளில் மூழ்கும்போது மிச்சத்தையும் இழுத்துக்கொண்டு போகிறது. இப்படி மூழ்கும் நீண்ட விளிம்புகள் கொண்ட பசிபிக் தட்டு ஆண்டுக்கு 7 முதல் 10 சென்டிமீட்டர் நகர்கிறது. அத்தகைய விளிம்பு அநேகமாக இல்லாத ஆப்பிரிக்கத் தட்டு 2 சென்டிமீட்டரைச் சுற்றித்தான் நகர்கிறது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே பச்சைப் பாறை.