பாரோ, பாஹா, இன்னபிற...

ஸ்பானிஷ் படிக்கிறவர்களுக்கு 'வேலை' என்றதும் முதலில் கிடைப்பது த்ரபாஹோ. அப்புறம் எம்ப்ளெயோ, அதாவது சம்பள உத்தியோகம். கொஞ்சம் தேறியதும் ஊருக்கு ஊர் மாறும் பேச்சு வார்த்தைகள் மேல் ஆசை வந்துவிடும். ஸ்பெயினில் குர்ரோ, மெக்சிகோவிலும் பெருவிலும் சாம்பா, சிலியில் பேகா, அர்ஜென்டினாவில் லபூரோ (இத்தாலியிலிருந்து குடியேறியவர்கள் விட்டுச்சென்ற சொத்து). கேட்க ஜாலிதான். ஆனால் இவற்றை இடம் மாற்றிச் சொன்னால் எதிரில் இருப்பவர் சிரிப்பார், அவ்வளவுதான். காசு பணம் எதுவும் போய்விடாது.

காசு போவது வேலை போகும்போது பேசும் வார்த்தைகளில்.

'பாரோ'வை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினில் 'எஸ்தோய் என் பாரோ' என்றால் வேலையில்லாமல் இருக்கிறேன் என்று அர்த்தம். வேலை இழந்தவருக்கு அரசு தரும் உதவித்தொகைக்கும் பேச்சில் அதே பெயர். 2013-ல் அங்கே வேலையின்மை 26 சதவீதத்தைத் தாண்டியபோது எல்லார் வாயிலும் இருந்த சொல். ஆனால் கொலம்பியாவிலும் அர்ஜென்டினாவிலும் பாரோ என்றால் வேலைநிறுத்தம்! 2021-ல் கொலம்பியாவை உலுக்கிய போராட்டத்தின் பெயரே 'பாரோ நாசியோனால்'. அங்கே வேலை கேட்டுப் போய், முதலாளியிடம் 'பாரோ'வில் இருப்பதாகச் சொன்னால் எப்படியிருக்கும்? 'தெசெம்ப்ளெயாதோ' என்றால் எங்கேயும் வம்பில்லை. பெண் என்றால் 'தெசெம்ப்ளெயாதா'.

'பாஹா' இன்னும் வில்லங்கம். ஸ்பெயினில் 'தெ பாஹா' என்றால் உடம்பு சரியில்லாமல் டாக்டர் சான்றிதழோடு லீவில் இருப்பது. 'பாஹா வொலுந்தாரியா' என்றால் ராஜினாமா. முதுகுவலி என்று பாஹா கேட்கும் வெளிநாட்டுத் தொழிலாளியிடம் நீட்டப்படும் காகிதத்தில் அந்த இரண்டாவது வார்த்தையும் இருந்தால்? கையெழுத்துப் போட்டதும் வேலையும் போச்சு, பாரோ பணமும் போச்சு. தானாக விலகினவருக்கு அந்தத் தொகை பொதுவாகக் கிடையாது. 'தெஸ்பீதோ', அதாவது முதலாளியே நீக்கியிருந்தால், போதுமான காலம் சந்தா கட்டியிருக்கும் பட்சத்தில் உண்டு.

ஆக, குர்ரோவும் சாம்பாவும் ஆறு மாதம் கழித்து வந்தால் போதும். பாஹாவும் தெஸ்பீதோவும்தான் முதல் பாடத்தில் வரவேண்டியவை. கூடவே 'ஃபினிகீத்தோ'வும்: கடைசிக் கணக்கு முடிக்கும் காகிதம். விவரம் தெரிந்தவர்கள் அதில் கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதி போட்டு 'நோ கொன்ஃபோர்மே' என்று எழுதிவிடுவார்கள். சம்மதமில்லை என்று பொருள். பிறகு நீக்கத்தை எதிர்த்து வழக்குப் போட 20 வேலைநாட்கள் மட்டும்தான்.