பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவே ஒரு புல்லட்

தில்லிக்கு மாற்றலாகி வரும் நம்மூர்க்காரர்கள் தவறாமல் கேட்பது: "சார், ஊர்ல அப்பா வண்டி சும்மா நிக்குது, ரயில் பார்சல்ல போட்டுக் கொண்டு வந்துடலாமா?" வேண்டாம் சாமி! 15 வயசு தாண்டிய வண்டி என்றால் ஸ்டேஷனுக்கு வெளியே உருட்டும்போதே அது குற்றவாளி.

பெட்ரோலுக்கு 15 வருஷம், டீசலுக்கு 10. பசுமைத் தீர்ப்பாயம் 2014, 2015-இல் கிழித்த கோடு, 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. 2025 ஆகஸ்டில், வயதை வைத்து நடவடிக்கை வேண்டாம் என்றார்கள். மூச்சு விட்டோம். டிசம்பரில் அந்தச் சலுகை பாரத் ஸ்டேஜ் 4-க்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் மட்டும் என்றாகிவிட்டது. பைக்குகள் எல்லாவற்றுக்கும் அது வந்ததே 2017-இல். ஆக, பழைய புல்லட், யெஸ்டி, ஆர்எக்ஸ் 100 எல்லாம் அவுட். ஆர்எக்ஸ் 100-ஐ எஸ்கார்ட்ஸ் கம்பெனி செய்ததே இந்தத் தில்லி வட்டாரத்தில்தான். பிறந்த ஊரிலேயே இடமில்லை!

நான் படித்தது பி.காம். வருஷா வருஷம் தேய்மானம் கழித்து, கடைசியில் கணக்கில் ஒரு ரூபாய் என்று நிறுத்துவோம். அதற்காக எங்கள் பிராஞ்ச் இரும்புப் பெட்டியை யாரும் காயலான் கடைக்கு அனுப்பவில்லை. பழைய மெஷினை அடமானம் வாங்கும்போதும் ஆளனுப்பி ஓடுகிறதா என்று பார்ப்போம். காலண்டரை மட்டும் பார்த்து முடிவு கட்டினால் ஆடிட்டர் சும்மா விடுவாரா?

புகை பொய் என்று சொல்லவில்லை. டூ-ஸ்ட்ரோக்கில் எரியாத பெட்ரோலும் ஆயிலும் வெளியே வரத்தான் செய்யும். நவம்பரில் பிள்ளைக்கு நெபுலைசர் வைக்கும் வீடுதான் எங்களுடையதும். அதனால்தான் சொல்கிறேன், அளந்து பாருங்கள். தேறாத வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். தேறினால் ஞாயிற்றுக்கிழமை மட்டுமாவது விடுங்கள். மாதம் 100 கிலோமீட்டர் ஓடுவதும் தினம் 100 ஓடுவதும் ஒன்றா?

விண்டேஜ் விதி இருக்கிறதே என்பார்கள். 2021-இல் வந்தது. 50 வயது தாண்ட வேண்டும். 20,000 ரூபாய் கட்டினால் வி.ஏ. என்று தனி நம்பர். அப்போதும் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, அவ்வளவுதான். சரி, 15-க்கும் 50-க்கும் நடுவில் 35 வருஷம் வண்டி எங்கே போகும்? அப்பாவின் 94 மாடல் புல்லட்டுக்கு 2044-இல்தான் மரியாதை. அன்றைக்குக் கிக்கரை உதைக்க என் முட்டி வேண்டாமா?

வேடிக்கை என்னவென்றால், தில்லி வட்டாரத்துக்கு வெளியே இதே வண்டிக்குத் தடையில்லை. ஆய்வுக்குக் காட்டி, 20 வருஷம் தாண்டியதற்கு 2,000 ரூபாய் கட்டிப் புதுப்பிக்கலாம் (2025-இல் ஏற்றிய கட்டணம்). கன்னியாகுமரியிலிருந்து 44-ஆம் நம்பர் நெடுஞ்சாலையில் கோசி கலான் வரை நல்ல வண்டி. ஹரியானா எல்லை தாண்டி ஹோடல் வந்ததும் பழைய இரும்பு!

நான் முடிவு பண்ணியாச்சு. டிசம்பர் லீவில் திருச்சியிலிருந்து ஓட்டி வந்து மதுராவோடு நிறுத்திவிடுவேன். லீவு கிடைக்கும்போது ரயிலில் போய் இறங்கி, அங்கிருந்து குவாலியர், ஜான்சி. மதுரா பக்கம் வீடு, ஷெட் உள்ள நம்மவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், வாடகை தருகிறேன்.