பையன்களின் பெயரால் கமிஷன்

அமெரிக்காவில் ஒயின் தயாரிப்பவரே வாடிக்கையாளர் வீட்டுக்கு நேரடியாக அனுப்பினால் நாடு குட்டிச்சுவராகும் என்று மது மொத்த வியாபாரிகளின் தரப்பு பல ஆண்டுகளாக ஓலமிடுகிறது. முதல் காரணம், பதினேழு வயதுப் பையன்கள் ஆர்டர் போட்டுக் குடிப்பார்களாம்.

அந்தப் பையனைக் கொஞ்சம் கற்பனை செய்யுங்கள். சனிக்கிழமை ராத்திரிக் கூத்துக்காக எங்கோ ஒரு சிறு பண்ணையின் விலை கூடிய ஒயினைத் தேடிப் பிடித்து, கார்டில் பணம் கட்டி, நாள்கணக்கில் காத்திருந்து, கொண்டுவருபவரிடம் 21 வயதுக்கு அத்தாட்சி காட்டிக் கையெழுத்தும் போடவேண்டும். இவ்வளவு பொறுமை இருக்கிற பிள்ளை குடித்துக் கெடாது, கலெக்டராகிவிடும். கெட நினைப்பவனுக்கு, கடைக்குப் போய் வாங்கிவர ஒரு அண்ணன் போதும். நேரடி விற்பனையை அனுமதித்த மாநிலங்களில் சிறுவர்களால் பெரிதாகப் பிரச்சினை எழவில்லை என்று மத்திய வர்த்தக ஆணையம் 2003-லேயே அறிக்கை தந்துவிட்டது.

இதைவிட வேடிக்கை மிச்சிகன். உள்ளூர் ஒயின் பண்ணைகள் வீட்டுக்கு அனுப்பலாம், வெளிமாநிலத்தார் அனுப்பக்கூடாது என்று அங்கே சட்டம் வைத்திருந்தார்கள். நியூயார்க்கும் ஏறக்குறைய இதே கதைதான். மிச்சிகன் பையன் உள்ளூர்ச் சரக்கைத் தொடமாட்டான், கலிபோர்னியா ஒயினைக் கண்டால் மட்டும் நாக்கைத் தொங்கப்போடுவான் போலும்! 2005-ல் கிரான்ஹோம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் இரண்டு சட்டங்களையும் தூக்கியெறிந்தது.

உடனே மொத்த வியாபாரிகள், மதுவிலக்கை நீக்கிய 1933-ன் 21-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். மதுவை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு, யார் மறுத்தார்கள்? உள்ளூர்க்காரனுக்கு ஒரு சட்டம், வெளியூர்க்காரனுக்கு இன்னொன்று என்று எழுதும் உரிமையை அந்தத் திருத்தம் தரவில்லை என்பதுதான் தீர்ப்பு. 2019-ல் டென்னசி வழக்கில் அதே நீதிமன்றம் 7-2 என இன்னும் அழுத்தமாகவே சொன்னது.

வரி ஏய்ப்பு என்ற வாதத்துக்கு ஒரு வரி போதும்: உரிமம் கொடு, கணக்குக் கேள், வரி வாங்கு, கட்டாதவனின் உரிமத்தைப் பிடுங்கு.

மதுவிலக்குக்கு முன்னால் பீர் ஆலைகளே சலூன்களைக் கைக்குள் வைத்துக்கொண்டு ஆட்டம் போட்டது உண்மை. தயாரிப்பவர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடை என்று மூன்று அடுக்கு வைத்ததற்கு அன்று நியாயம் இருந்தது. இன்று? கிரான்ஹோம் தீர்ப்பிலேயே கணக்கு இருக்கிறது. 1984-ல் 1,600 ஆக இருந்த மொத்த வியாபாரிகள் 2002-ல் 600 ஆகச் சுருங்கிவிட்டார்கள். ஒயின் பண்ணைகளோ அப்போதே 3,000-ஐத் தாண்டிவிட்டன. வருஷத்துக்குச் சில நூறு பெட்டி மட்டும் தயாரிக்கும் குடும்பத்தை அந்த 600 பேரில் எவர் சீண்டுவார்? நானும் விற்கமாட்டேன், உன்னையும் விற்கவிடமாட்டேன் என்பதற்குப் பெயர்தான் பொதுநலமா?

சரி, குடியைக் கட்டுப்படுத்துவதே நோக்கம் என்று பேச்சுக்கு ஒப்புக்கொள்வோம். பதின்மூன்று சதவீதம் ஆல்கஹால் உள்ள ஒயினை வீட்டுக்கு அனுப்ப இன்று நாற்பதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் அனுமதிக்கின்றன. ஐந்து சதவீத பீரை அனுமதிப்பவை பத்துச் சொச்சம்தான். பீரின் போதையிலா மொத்த வியாபாரிகளுக்குப் பயம், பீரில் புரளும் பணத்திலா?