கண் தெரிந்தால் கால் தெரியாது

மேக்ரோ லென்ஸ் வாங்கிய முதல் வாரத்தில் பலரும் கடைக்காரரைத் திட்டுவார்கள். சுவரில் இருந்த சிலந்தியை எடுத்தால் கண் மட்டும் பளிச்சென்று இருக்கிறது, காலும் வயிறும் புகைமூட்டமாகக் கிடக்கின்றன. லென்ஸில் பழுது ஏதும் இல்லை. அத்தனை கிட்டே போனால் அப்படித்தான்.

மேக்ரோ லென்ஸில் 1:1 என்று போட்டிருக்கும். 8 மில்லிமீட்டர் சிலந்தியின் பிம்பம் கேமராவுக்குள் உள்ள சென்சார் மீதும் அதே 8 மில்லிமீட்டருக்கு விழும் என்று பொருள். பிம்பம் பெரிதாகப் பெரிதாக, தெளிவாக விழும் பகுதியின் தடிமன் சுருங்கிக்கொண்டே போகும். 36 மில்லிமீட்டர் அகலச் சென்சாரில், 1:1 அளவில், ஒளி நுழையும் துளையான அப்பர்ச்சரை எஃப் 8இல் வைத்தால் மிஞ்சுவது ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். சிலந்தியின் முகத்துக்கே அது சரியாகப் போய்விடும்.

அப்பர்ச்சரை எஃப் 22, எஃப் 32 என்று சுருக்கச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த நெருக்கத்தில் எஃப் 16 என்பதே எஃப் 32 போலத்தான் வேலை செய்கிறது. அவ்வளவு சின்னத் துளைக்குள் நுழையும் ஒளி வளைந்து பரவி, படம் முழுவதையும் மழுங்கடித்துவிடும். கால் தெரிய வேண்டுமென்று கண்ணையும் பறிகொடுத்த கதை. எஃப் 8, மிஞ்சினால் எஃப் 11.

சரி, கிடைத்த 1 மில்லிமீட்டரை எங்கே வைப்பது? கண்ணில்தான். தாவும் சிலந்திகளை மேக்ரோக்காரர்கள் விடாமல் தேடுவதும் கண்ணுக்காகவே. இவை வலை விரித்துக் காத்திருப்பதில்லை. பார்த்துப் பாய்ந்து இரை பிடிப்பவை. எட்டுக் கண்களில் முன்னிரண்டும் பெரியவை. அவற்றின் வில்லை அசையாது, உள்ளே விழித்திரைதான் நகரும். அதனால் அதே கண் ஒரு படத்தில் பழுப்பாகவும் அடுத்ததில் கறுப்பாகவும் தெரியும். கறுப்பாக இருந்தால் நம்மைத்தான் பார்க்கிறது. ஓடாமல் திரும்பி நின்று முறைக்கும். சமயத்தில் லென்ஸ் மேலேயே தாவிவிடும்.

ஆட்டோ ஃபோகஸ் இங்கே தடுமாறும். ஃபோகஸ் வளையத்தை 1:1இல் நிறுத்திவிட்டு, உடம்பையே மெல்ல முன்னும் பின்னும் அசைத்து, கண் தெளியும் நொடியில் அமுக்க வேண்டும். இருபதில் ஒன்று தேறினால் நல்ல நாள். ஃபிளாஷ் கட்டாயம் வேண்டும். அதன் மின்னல்வெட்டு ஒளி கை நடுக்கத்தையும் மறைத்துவிடும். நேராக அடித்தால் கண்ணில் வெள்ளைப் புள்ளியாகக் குத்தும். முன்னால் பட்டர் பேப்பரை இரண்டாக மடித்து ஒட்டினால் போதும், விலை கொடுத்து வாங்கும் டிஃப்யூசருக்கு அது சளைத்ததல்ல.

காலும் தெரிந்தே ஆக வேண்டுமென்றால், இடம் மாற்றி மாற்றி ஃபோகஸ் வைத்த பல படங்களைக் கணினியில் அடுக்கிச் சேர்க்கலாம். அதற்குச் சிலந்தி ஆடக்கூடாது. இதற்காகவே கொன்றுவிட்டு எடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் படம் காட்டிக்கொடுத்துவிடும். சிலந்தி காலை நீட்டுவது பெரும்பாலும் உடலுக்குள் உள்ள திரவத்தின் அழுத்தத்தால். உயிர் போனால் அழுத்தமும் போய், எட்டுக் கால்களும் உள்நோக்கிச் சுருண்டுகொள்ளும். அதற்குப் பதில், ஈயைக் கவ்வியபடி உட்கார்ந்திருக்கும் ஒன்றைத் தேடிப் பாருங்கள். தின்று முடிக்கும்வரை அவ்வளவாக நகராது. பத்துப் படமாவது எடுத்துவிடலாம்.