விலங்கு யாருக்கு? தங்க அட்டை யாருக்கு?

2025 ஜனவரி 20. டொனால்டு டிரம்ப் இரண்டாம் முறை அமெரிக்க ஜனாதிபதியாகப் பதவி ஏற்றார். அன்றைக்கே பேனாவை எடுத்தார். தெற்கு எல்லையில் அவசர நிலை என்று ஓர் ஆணை. அடைக்கலம் தேடி வருவோருக்குக் கதவடைப்பு என்று ஓர் ஆணை. குடியேற்ற உரிமை இல்லாத பெற்றோருக்கு அங்கே பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை கிடையாது என்று மற்றோர் ஆணை. பார்லிமெண்டில் விவாதம் உண்டா? ஓட்டெடுப்பு உண்டா? கையெழுத்துத்தான் சட்டம்! (பிறப்பு உரிமையில் கை வைத்த ஆணையை மூன்றாம் நாளே ஒரு கோர்ட் நிறுத்தி வைத்தது வேறு விஷயம்.)

பிப்ரவரி 5-ந் தேதி அமிர்தசரசில் ஓர் அமெரிக்க ராணுவ விமானம் இறங்கியது. உள்ளே 104 இந்தியர்கள். கையில் விலங்கு, காலில் சங்கிலி. நிலத்தை விற்று, வட்டிக்கு வாங்கி, ஏஜெண்டிடம் லட்சம் லட்சமாகக் கட்டிவிட்டுப் போனவர்கள் அவர்களில் பலர். நமது வெளிநாட்டு மந்திரி ஜெய்சங்கர் மறுநாள் ராஜ்யசபையில் எழுந்து என்ன சொன்னார்? விலங்கு மாட்டுவது 2012 முதல் உள்ள நடைமுறைதான் என்றார். பழைய விலங்கு என்றால் வலிக்காதா, மந்திரியாரே?

செப்டம்பர் 19-ந் தேதி அதே பேனா மறுபடி ஓடியது. 10 லட்சம் டாலர் கொடுப்பவனுக்குத் 'தங்க அட்டை'. அவன் தாராளமாகக் குடியேறலாம்! படித்த பிள்ளைகள் போகும் எச்-1பி விசாவுக்கு, அதே நாளில், 1 லட்சம் டாலர் புதுக் கட்டணம்.

அமெரிக்கத் தொழிலாளியின் கூலியைக் காப்பாற்றத்தான் இதெல்லாம் என்கிறார்கள். தோட்டங்களில் என்ன நடந்தது என்று பாருங்கள், பண்ணைத் தோழர்களே! அங்கே பழம் பறிப்பவர்களிலும் காய் அறுப்பவர்களிலும் ஏராளமானோர் காகிதம் இல்லாத மெக்சிகோக்காரர்கள். சோதனை தொடங்கியதும் தோட்ட முதலாளிகள் அலறினார்கள். நெடுநாளாக வேலை செய்யும் நல்ல ஆட்கள் போய்விடுகிறார்கள் என்று 2025 ஜூனில் டிரம்பே ஒப்புக்கொண்டார். தோட்டங்களில் சோதனை நின்றது. சில நாளில் மறுபடி தொடங்கியது. அக்டோபர் 2-ந் தேதி தொழிலாளர் இலாகா ஒரு விதி வெளியிட்டது. எச்-2ஏ என்ற தற்காலிக விசாவில் கொண்டுவரும் விவசாயக் கூலிக்குத் தரவேண்டிய குறைந்தபட்சக் கூலியை அது இறக்கியது! அழைத்து வந்த முதலாளியிடம்தான் அவன் வேலை செய்யலாம். வெளியேறினால், வேறு முதலாளி மனுப் போட்டு எடுத்துக்கொள்ளாவிட்டால், நாட்டை விட்டே போகவேண்டும். 'கேம்ப் கூலி' என்றால் நமது பஞ்சாலைத் தோழர்களுக்கு விளக்கம் தேவையில்லை. இது விசா போட்ட கேம்ப் கூலி!

புதிய தந்திரமா? 1942 முதல் 1964 வரை அதே சர்க்கார் ஒப்பந்தம் போட்டு லட்சக்கணக்கான மெக்சிகோ விவசாயிகளை வரவழைத்தது. நடுவில் 1954-ல் அதே மெக்சிகோக்காரர்களை வேட்டையாடி லாரியிலும் ரயிலிலும் ஏற்றித் துரத்தியது. முதலாளிக்கு ஆள் வேண்டும், வாய் வேண்டாம்.

இனி நம் ஊருக்கு வருவோம். "வடக்கத்தி ஆள் வந்துதான் கூலி கெட்டது" என்று டீக்கடையில் நம்மவர்களே பேசுகிறார்கள். 2023 மார்ச்சில், பீகார் தொழிலாளிகளை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவியபோது அவர்கள் மூட்டை கட்டினார்கள். பீகார் அரசின் குழு திருப்பூருக்கே வந்து விசாரித்தது. இப்படிப்பட்ட பொய் ஒரே நாளில் எடுபடுகிறதே, ஏன்? அவர்களோடு நாம் பேசியதில்லை. அவர்களை அழைத்து வந்தது யார்? காண்டிராக்டர். தகரக் கொட்டகையில் அடைத்து, 12 மணி நேரம் வேலை வாங்கி, அந்தக் கூலியைக் காட்டி உங்கள் கூலியை மிதிப்பது யார்? அவர்களா, மில்காரனா?

டெல்லியும் சும்மா இருக்கவில்லை. 1979-ல் வந்த வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் 5 பேர் இருந்தாலே செல்லும். அதைக் கரைத்துவிட்டு 2025 நவம்பர் 21-ல் அமலாக்கிய தொகுப்புச் சட்டம், 10 பேர் இருந்தால்தான் செல்லும் என்கிறது.

ஆகவே அடுத்த ஷிப்டு மாறும்போது கேட்டில் நின்று எண்ணுங்கள். ஒடிசாக்காரர் எத்தனை பேர், பீகாரி எத்தனை பேர், ஏட்டில் எத்தனை பெயர், யாருக்கு ஈ.எஸ்.ஐ., யாருக்கு பி.எப். பிடித்தம்? எண்ணிக்கையைச் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். இந்தி தெரிந்த தோழர் ஒருவரையும் கூட அழைத்துப் போங்கள்.