எபன் எமாலோடு நிறுத்திவிடக் கூடாது

1940 மே 10 விடியற்காலை, பெல்ஜியத்தின் எபன் எமால் கோட்டை உச்சியில் ஒன்பது ஜெர்மன் கிளைடர்கள் சத்தமின்றி வந்து இறங்கின. டிஎஃப்எஸ் 230 என்ற அந்த விமானத்துக்கு எஞ்சின் கிடையாது. யுங்கர்ஸ் விமானம் கயிறு கட்டி இழுத்து வந்து வழியில் விட்டுவிடும். அதன்பின் காற்றும் விமானியின் கையும்தான். புல்தரையில் வெகுதூரம் சறுக்கிப் போகாதிருக்க, அடியிலுள்ள சறுக்குக்கட்டையில் முள்கம்பி சுற்றியிருந்தார்கள். இறங்கியதும் விமானியும் துப்பாக்கியோடு சண்டையில் சேர வேண்டும். சுமார் 80 பேர், பல நூறு வீரர்கள் காத்த கோட்டையின் பீரங்கிகளை முடக்கினார்கள். மறுநாள் கோட்டை சரணடைந்தது.

அந்தத் துணிச்சலை நான் மறுக்கவில்லை. ஆனால் 1944 ஜூலை 21 அன்று பிரான்சின் வெர்கோர் மலைப்பகுதியில், வாஸ்யூ கிராமத்திலும் இதே ரகக் கிளைடர்கள் இறங்கின. நேச நாட்டு விமானங்களுக்காக ஓடுதளம் அமைத்துக்கொண்டிருந்த ஊர் அது. உதவிதான் வருகிறது என்று முதலில் நம்பியவர்கள் உண்டு. வந்தவர்களோ குழந்தைகள், முதியவர்கள் உட்பட ஊர்மக்கள் 70க்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள். எபன் எமாலுக்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கும் நூல் வாஸ்யூவுக்கு ஒரு வரிகூடத் தராவிட்டால், அதை ஜெர்மன் கிளைடர் படையின் வரலாறு என்று நான் ஏற்க மாட்டேன்.