பழைய வண்டிக்குப் புது வாரண்டி: பணம் கட்டலாமா?

உறுப்பினர் பெருமக்கள் பலர் சமீப காலமாக நம்மிடம் ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறார்கள். கடைக்கென்று செகண்ட்ஹேண்ட் பைக் எடுக்கப் போகிறோம். விற்பவர், "இன்னும் நாலாயிரம் போடுங்கள் அண்ணாச்சி, ஒரு வருஷத்துக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி தருகிறோம்" என்கிறார். போடலாமா, வேண்டாமா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் டூ வீலர் இல்லாமல் கடை நடத்த முடியாது. விடியற்காலை கோயம்பேடு, மதியம் செங்குன்றம் அரிசி மண்டி, சாயங்காலம் வீடு வீடாகச் சப்ளை. வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வசூலில் துண்டு விழுகிறது. அந்தப் பயத்தில்தான் பணத்தைக் கட்டிவிடுகிறோம்.

நாமும் கட்டினோம். 2024-இல் நாலு வருஷம் ஓடிய ஒரு பைக்கை எடுத்தபோது, வாரண்டிக்கும் சேர்த்து ரொக்கமாகவே கொடுத்தோம். ஆறு மாதத்தில் கியர் பாக்ஸில் சத்தம். வண்டியை உருட்டிக்கொண்டு போய் நிறுத்தினால், அங்கிருந்த பிள்ளை என்ஜினைப் பார்க்கவே இல்லை; பின்னால் இருந்த இரும்புக் கேரியரைத்தான் பார்த்தார். "லோடு அடிக்கிற வண்டிக்கு வாரண்டி கிடையாது சார். அதோடு, சர்வீஸ் எல்லாம் எங்களிடம் செய்திருக்க வேண்டும்." நாம் தெருமுனை மெக்கானிக்கிடம் ஆயில் மாற்றியிருந்தோம். வேலைக்கான பணம் முழுவதும் நம் கல்லாவிலிருந்தே போயிற்று.

அன்றிரவு கடை அடைத்த பிறகுதான் அந்தத் தாளைப் படித்தோம். அவர் சொன்ன இரண்டுமே அதில் இருந்தன. கோபம் வந்தது உண்மை. ஆனால் யார் மீது கோபப்படுவது? முத்திரையும் தேதியும் இல்லாத மிக்ஸி கார்டை நீட்டும் வாடிக்கையாளரிடம் நாமும் இதே பாட்டைத்தானே பாடுகிறோம்!

கணக்கைப் பார்ப்போம். நாலாயிரம் என்று வாயால் சொல்வார்கள். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 4,720 ஆகிறது. இதற்கு அவர்கள் ஏற்பது பெரும்பாலும் என்ஜின், கியர் பாக்ஸின் உள் பாகங்களை மட்டுமே. கிளட்ச் பிளேட், செயின் ஸ்ப்ராக்கெட், பிரேக் ஷூ, டயர், பேட்டரி, கேபிள் இவையெல்லாம் தேய்மானம் என்று ஒதுக்கப்படும். ஆனால் சப்ளை வண்டியில் மாதா மாதம் செலவு வைப்பது இவைதானே. நூறு சி.சி. வண்டியின் என்ஜின், எண்ணெய் மட்டம் பார்த்து ஓட்டினால் லேசில் படுக்காது. படுத்தாலும் பாகங்கள் புதுப்பேட்டை வரை எங்கும் கிடைக்கும். தெரியாத மெக்கானிக்கும் இல்லை. இப்படிப்பட்ட வண்டிக்கு வாரண்டி வாங்குவதைவிட, அந்த 4,720 ரூபாயை ஒரு டப்பாவில் தனியாகப் போட்டு வைப்பதே லாபம் என்பது நம் கருத்து. வருஷக் கடைசியில் மிச்சம் இருந்தால் அது நம்முடையது.

நம் பக்கத்தில் இன்னொரு சங்கதியும் உண்டு: தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தண்ணீர் தேங்கி நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படி மூழ்கிய வண்டிகள் துடைத்துப் பாலிஷ் போடப்பட்டுப் பிறகு விற்பனைக்கு வருவதுண்டு. என்ஜினுக்குள் நீர் புகுந்த சேதத்தை வாரண்டி பொதுவாக ஏற்பதில்லை. அது இன்சூரன்ஸ் சமாசாரம், அதுவும் சொந்த சேதத்துக்கான பாலிசி இருந்தால் மட்டும். ஆகவே சீட்டைக் கழற்றி ஒயரிங் இணைப்புகளில் பச்சைப் பாசம் பிடித்திருக்கிறதா, ஏர் ஃபில்டர் பெட்டியில் சேறு காய்ந்திருக்கிறதா என்று நம்பிக்கையான மெக்கானிக்கை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் இருநூறு, முந்நூறு ரூபாய் வீணாகாது.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமே என்பார்கள் சிலர். போகலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் வியாபாரிக்கு ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்லர். சுயதொழிலில் பிழைப்புக்காகத் தாமே பயன்படுத்துபவருக்கு விலக்கு உண்டு. கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் சம்பந்தப்பட்ட வழக்கில் 1995-இல் சுப்ரீம் கோர்ட் இதை விளக்கியது: வாங்கிய வண்டியைத் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்; முழுக்க இன்னொருவரை வைத்து ஓட்டுபவர் அல்லர். கடைப் பையன் மட்டுமே ஓட்டும் வண்டி, பில்லும் கடை பெயரில் என்றால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் இதைத்தான் எடுப்பார்.

எல்லா வாரண்டியும் வீண் என்று நாம் சொல்லவில்லை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்ஷன், சென்சார், கம்ப்யூட்டர் பெட்டி வந்துவிட்டன. அந்தப் பெட்டி போனால் தெருமுனையில் வேலை ஆகாது, விலையும் அதிகம். அத்தகைய வண்டிக்கு, தயாரித்த கம்பெனியே தரும் உத்தரவாதம் என்றால் யோசிக்கலாம். ஹோண்டா 2023-இல் பத்தாண்டு வரையிலான நீட்டிப்புத் திட்டத்தை அறிவித்தபோது, வண்டி கைமாறினாலும் அது தொடரும் என்றது. விற்கும் கடை தன் லெட்டர்பேடில் அச்சடித்துத் தருவது வேறு. கடை மூடினால் அதுவும் போயிற்று.

கம்பெனி வாரண்டி பாக்கி இருந்தாலும், ஆர்.சி. நம் பெயருக்கு மாறியிருக்க வேண்டும். விற்றவர் 14 நாளில் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளில் மாற்ற வேண்டும் என்பது சட்டம். பழைய ஓனர் பெயரிலேயே இரண்டு வருஷம் ஓட்டும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. பெயர் குறிப்பிட வேண்டாம்.

நம் வண்டி இப்போதும் ஓடுகிறது. கேரியரையும் கழற்றவில்லை. வாரண்டி முடிந்து, புதுப்பிக்கச் சொல்லி இரண்டு முறை போன் வந்தது. டப்பாவில் இப்போது மூவாயிரத்துச் சொச்சம் இருக்கிறது.